உறைபனிச் சாலை: ஒரு குளிர்கால நாட்குறிப்பு

நவம்பர் 12

காலை நேர வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிவிட்டதால், இன்று குளிர்கால டயர்களை மாட்டிவிட்டேன். முதல் பனி விழட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் பலர். ஆனால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப்போவதற்குப் பனி விழ வேண்டியதில்லை, குளிர் ஒன்றே போதும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருப்பதோடு, அதன் மேற்பரப்பில் நெருக்கமாகக் கீறப்பட்டிருக்கும் மெல்லிய வெட்டுகளின் விளிம்புகள் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. செலவைக் குறைப்பதற்காக முன்சக்கரங்களுக்கு மட்டும் மாட்டுவது ஆபத்தானது. வளைவில் முன்பகுதி சாலையைப் பிடித்துக்கொள்ள, பின்பகுதி வழுக்கி வண்டியே சுழன்றுவிடக்கூடும். குளிரில் காற்றழுத்தமும் குறையும் என்பதால் அதையும் சரிபார்த்துக்கொண்டேன்.

நவம்பர் 27

கண்ணாடியில் உறைபனி படியும் காலம் வந்துவிட்டது. ஓட்டுநர் இருக்கைக்கு நேராக மட்டும் ஒரு சிறு வட்டத்தைச் சுரண்டிவிட்டுப் புறப்படுபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. குறுக்கே வரும் ஒரு குழந்தையை அந்த வட்டம் காட்டாது. எல்லாக் கண்ணாடிகளையும் விளக்குகளையும் துடைத்து, கூரைமேல் கிடக்கும் பனியையும் தள்ளிவிட வேண்டும், ஏனெனில் பிரேக் போடும்போது அது சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும். வெந்நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். உட்புறம் படியும் ஆவிக்கு, ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைப்பதே சரியான வழி. ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது.

டிசம்பர் 10

இன்று விடியற்காலையில், காய்ந்திருந்த சாலையிலிருந்து ஆற்றுப்பாலத்தின்மேல் ஏறியதும் டயர்களின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. கையிலிருந்த ஸ்டியரிங் எடையே இல்லாததுபோல் ஆனது. சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் பனிக்கட்டியான பிளாக் ஐஸ்தான் என்று புரிந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, பாலம் முடியும்வரை வண்டியை அதன் போக்கிலேயே உருளவிட்டேன்.

பெயர் கருப்பாக இருந்தாலும் அந்தப் பனிக்கட்டிக்கு நிறம் இல்லை. மிக மெல்லிய படலமாக இருப்பதால் அடியிலுள்ள தாரின் நிறமே நமக்குத் தெரிகிறது, அதனால் அது வெறும் ஈரம் போலவே தோன்றும். பாலத்தின் மேலும் கீழும் குளிர்காற்று ஓடுவதாலும், மண்ணின் வெப்பம் அதற்கு எட்டாததாலும், மற்றச் சாலைகளுக்கு முன்பே பாலம் உறைந்துவிடுகிறது. வெயில் படாத மர நிழல்களிலும் இந்த ஆபத்து உண்டு. வண்டியின் வெப்பமானி 3 டிகிரி காட்டுகிறது என்று நம்பிவிடவும் கூடாது. அது அளப்பது காற்றை, சாலையை அல்ல. மேகமில்லாத இரவில் சாலை தன் வெப்பத்தை இழந்து, காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய நாட்களுக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன், ஏனெனில் அப்போதுதான் பனிக்கட்டியின்மேல் நீர்ப்படலம் நின்று வழுக்கல் மிகுதியாகிறது.

டிசம்பர் 11

நேற்றைய பாலம் மனத்தை விட்டு அகலாததால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்த பிறகு காய்ந்த சாலையில் ஏறத்தாழ 14 மீட்டரில் நிற்கும். உராய்வு ஏழில் ஒரு பங்காகக் குறையும் பனிக்கட்டியின்மேல் அதற்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேண்டும். வேகத்தை 30 ஆகக் குறைத்தால் அந்தத் தூரம் 35 மீட்டருக்கு வந்துவிடுகிறது. நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், சற்றே வேகம் குறைத்தாலும் பெரும் பலன் கிடைக்கிறது. பிரேக்கில் ஏபிஎஸ் அமைப்பு இருக்கிறதே என்பது இங்கே பதிலாகாது. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுத்து, திருப்பும் வாய்ப்பை அது காப்பாற்றித் தரும். இல்லாத உராய்வை அதனால் உண்டாக்க முடியாது. பெடல் காலடியில் அதிரும்போது பயந்து காலை எடுத்துவிடாமல், தொடர்ந்து அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஜனவரி 6

நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் உள்ள வண்டி வாங்கிய நண்பர் ஒருவர், இனிக் கவலையில்லை என்றார். பனியில் புறப்படவும் மேடு ஏறவும் அது உதவும். நிற்கும்போது எல்லாக் கார்களும் நான்கு சக்கரங்களால்தான் நிற்கின்றன என்று அவரிடம் அழுத்திச் சொன்னேன்.

ஜனவரி 21

கடும் பனிப்பொழிவு. ஹைபீம் போட்டால் ஒளி பனித்துகள்களில் பட்டு நம் கண்ணுக்கே திரும்புவதால் லோபீமிலேயே ஓட்டினேன். வண்டியின் வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலை அணைத்தே வைத்திருந்தேன். வழியில் சிக்கிக்கொண்டால் எஞ்சினை ஓடவிடும் முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைக் கட்டாயம் அகற்ற வேண்டும். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வண்டியில் போர்வை, கைவிளக்கு, மண்வெட்டி ஆகியவற்றை வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8

பகலில் உருகி இரவில் மீண்டும் உறையும் நாட்கள் இவை. சாலையில் தூவும் உப்பு, ஏறத்தாழ −10 டிகிரிக்குக் கீழே சரிவர வேலை செய்யாது. நாளைக் காலை −12 டிகிரி என்று வானிலை அறிவிப்பு சொல்கிறது. அப்போது நான் போக வேண்டியிருந்த ஒரு சந்திப்பை மதியத்துக்கு மாற்றித் தருமாறு அழைத்தவர்களிடம் கேட்டேன், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.