கப்பல் எங்கே?

முதல் டைவ் முடிந்து, கரையில் மூச்சு வாங்க உட்கார்ந்தபடி நான் கேட்ட முதல் கேள்வி: "எல்லாம் சரி, கப்பல் எங்கே?"

அண்ணன் மகள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "அத்தை, இருபது நிமிஷமா நீங்க தொங்கிட்டிருந்ததே கப்பலுக்கு மேலதான்."

பாலித் தீவின் துலாம்பென் கரையில் கிடக்கும் லிபர்டி கப்பலைப் பார்க்கத்தான் போயிருந்தோம். நான் போனதே பெயரை நம்பி. 20 வருஷமாக வெல்டிங் இணைப்புகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அவசர அவசரமாக வெல்டிங் செய்து 2,700-க்கும் மேல் இறக்கிய 'லிபர்டி' ரகக் கப்பல்களில் சில, குளிர்ந்த கடலில் விரிசல் விட்டு உடைந்த கதை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பாடம். அந்த ரகத்தில் ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று கிளம்பினேன். வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, இதற்குப் பெயர் மட்டும்தான் லிபர்டி. 1918-இல் நியூ ஜெர்சியில் கட்டியது. அந்தக் காலத்துக் கப்பல் என்றால் தகடுகளை ரிவெட் ஆணி அடித்துத்தான் சேர்த்திருப்பார்கள். என் வெல்டிங் கனவு கரையிலேயே முடிந்தது.

ஆனால் கதை அதைவிட நன்றாக இருந்தது. 1942 ஜனவரி 11-ஆம் தேதி, லொம்போக் நீரிணைக்கு அருகே ஐ-166 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி இதன் மேல் டார்பிடோ விட்டது. உள்ளே ரயில் பாகங்களும் ரப்பரும். ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலும் ஒரு டச்சுப் போர்க்கப்பலும் சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தன. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் வழியில் துலாம்பென் கரையில் தரைதட்ட வைத்துவிட்டார்கள். 21 வருஷம் கரையில் கிடந்தது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்ச்சியில் சரிந்து கடலுக்குள் போய்விட்டது. டார்பிடோவால் மூழ்காத கப்பலை ஒரு மலை மூழ்கடித்திருக்கிறது.

அதனால்தான் அது கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. படகு வேண்டாம், நடந்தே இறங்கலாம். மேல் பகுதி ஏறக்குறைய 5 மீட்டரிலும், அடிப்பகுதி 30 மீட்டர் வாக்கிலும் கருமணல் சரிவில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. நடந்து இறங்கலாம் என்று சொல்லிவிட்டேனே தவிர, கரை முழுவதும் உருண்டைக் கற்கள். ஒவ்வொரு அலைக்கும் காலடியில் புரளும். என் காற்று டேங்கைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் விறுவிறுவென்று போய்விட்டார். பின்னாலேயே நான், நடை பழகும் குழந்தை மாதிரி.

முதல் டைவில் கப்பலை ஏன் பார்க்கவில்லை? படங்களில் வரும் கப்பலைத் தேடினேன்: கூர்மையான முகப்பு, புகைபோக்கி, வட்ட ஜன்னல். எதிரில் இருந்ததோ பவளமும் கடற்பஞ்சும் மூடிய ஒரு மேடு. அதுவும் எல்லாம் ஒரே நீலச்சாம்பல். சிவப்பு நிறத்தைத் தண்ணீர் சீக்கிரமே விழுங்கிவிடும். சில மீட்டர் இறங்கினாலே போதும். இரண்டாவது டைவில் கைடு டார்ச் அடித்தார். சாம்பல் மேடு ரத்தச் சிவப்பாக மாறியது. வெளிச்சம் நகர நகர, இயற்கை போடாத ஒரு நேர்க்கோடு. அதற்கு இணையாக இன்னொன்று. சட்டென்று மொத்தமும் கப்பலாகிவிட்டது, கோலத்தில் புள்ளிகள் சேர்ந்தது போல.

ஆழம் குறைவு, ஆகவே சுலபம் என்று நினைத்தது அடுத்த தப்பு. காற்றுக் கணக்கில் அது உண்மைதான்: 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நாலு மடங்கு, அதே டேங்க் 10 மீட்டரில் இருமடங்கு நேரம் வரும். ஆனால் 20 மீட்டரிலிருந்து 10-க்கு ஏறினால் மிதப்பைச் சரிசெய்யப் போட்டிருக்கும் ஜாக்கெட்டில் உள்ள காற்று ஒன்றரை மடங்காகத்தான் பெருகும். 10-லிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரண்டு மடங்கு. கடைசிச் சில மீட்டர்தான் ஆளைத் தூக்கும். டேங்கில் இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு என்பதை நான் யோசித்ததே இல்லை. அலுமினிய டேங்க் ஒன்றில் முக்கால்வாசி தீர்ந்தால் இரண்டு கிலோ குறைந்துவிடும்.

மேலே வருவதற்கு முன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். ஒரு நிமிஷம் நின்றேன். பின்புறப் பீரங்கி பக்கமாக ஒரு மீனைத் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். தக்கை மாதிரி மேலே போய்விட்டேன். ஜாக்கெட் காற்றை வெளியே விடும் வால்வைத் திறக்கக் கை தேடுவதற்குள் வெயில் முகத்தில் அடித்தது. மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே போனது மட்டும் புத்திசாலித்தனம். அடக்கியிருந்தால் அந்த உயரத்துக்கே நுரையீரல் கிழியலாம். கீழே இருந்து மேலே வந்தவள் ஒன்றும் திட்டவில்லை. "அடுத்த தடவை இடுப்புல ரெண்டு கிலோ எடை கூடக் கட்டுங்க அத்தை" என்றாள். தொழிலில் நான் சின்னப் பையன்களிடம் பேசும் அதே குரல்.

மறுநாள் விடியற்காலையில் இறங்கினோம். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாக வந்து பவளத்தைக் கடித்தன. அந்த நொறுங்கும் சத்தம் காதில் கேட்டது. எல்லோரும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு தகட்டின் விளிம்பில், தொடாமல், அரை அடி தள்ளி டார்ச்சோடு நின்றேன். சீரான இடைவெளியில் சின்னச் சின்ன மொட்டுகள். ரிவெட்டாகவும் இருக்கலாம், ஒட்டிக்கொண்ட சிப்பியாகவும் இருக்கலாம்.

லாக் புத்தகத்தில் மீன்களுக்கு விட்டிருந்த கட்டத்தில் எழுதினேன்: 'ரிவெட், 7. கையெழுத்துப் போடக்கூடியவை, 2.'