ஹாப்கின்ஸின் பெரிய ராத்திரி எது?

அமெரிக்க பாக்ஸர் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் பேச்சு வந்தால், அவருடைய மிகப் பெரிய வெற்றி எது என்பதில் எங்களுக்குள் மூன்று கட்சி. அக்கா மகன், பாஸ்கலை ஜெயித்ததுதான் என்கிற கட்சி. பாக்ஸிங் சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர், பாவ்லிக்கை ஜெயித்தது என்கிற கட்சி. நான், டிரினிடாட் கட்சி. வாட்ஸ்அப்பில் இது ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கே குரல் பதிவில் கத்தியே ஜெயித்துவிடலாம் என்று மாஸ்டர் நினைப்பதால், என் பக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆளைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 1965-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். பதின்வயதிலேயே வழிப்பறி வழக்குகளில் சிக்கி, கிரேட்டர்ஃபோர்டு சிறையில் ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார். பாக்ஸிங்கைப் பிடித்துக்கொண்டது அங்கேதான். வெளியே வந்து 1988 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டியில் முதல் தொழில்முறைச் சண்டை. அதில் தோல்வி. 1993-இல் ராய் ஜோன்ஸிடம் பட்டத்துக்கான சண்டையிலும் தோல்வி. 1995-இல் மெர்காடோவை ஏழாவது ரவுண்டில் நிறுத்தி மிடில்வெயிட் (160 பவுண்டு எடைப் பிரிவு) சாம்பியன் பெல்ட்டைக் கட்டினவர், அதை 2005 வரை அவிழ்க்கவில்லை. 20 முறை காப்பாற்றினார். கடைசிச் சண்டை 2016 டிசம்பரில், 52 நிரம்ப ஒரு மாதம் இருக்கும்போது. 55 வெற்றி, 8 தோல்வி, 2 டிரா. இப்படி ஒரு கணக்கு இருந்தால் எது பெரிசு என்று சண்டை வராமல் என்ன செய்யும்?

என்னைப் பற்றி ஒரு வரி. பகலில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். மாவட்டப் போட்டி நடந்தால் ரிங் ஓரம் உட்கார்ந்து பாயின்ட் போடுகிறேன். அதனால் வீட்டில் பழைய சண்டைகளைப் பார்க்கும்போதும் சத்தத்தை நிறுத்திவிடுவேன். வர்ணனைக்காரர் "அடி விழுந்தது" என்று கத்தினால் விழாத அடியும் கண்ணுக்கு விழுந்ததாகத் தெரியும். கையில் கோடு போட்ட தாள், பென்சில். "டிவி ரிப்பேரா?" என்று வீட்டில் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

முதலில் அக்கா மகன். அவனுக்கு எல்லாமே ரெக்கார்டுதான். "மாமா, 46 வயசுல வேர்ல்ட் சாம்பியன். அதிக வயசுல சாம்பியனான ஃபோர்மன் ரெக்கார்டையே உடைச்சாரு. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்பான். 2011 மே 21, மான்ட்ரியல், ழான் பாஸ்கல். கனடாக்காரரை அவர் ஊரிலேயே போய்த் தோற்கடித்தார், அதுவும் உண்மை. ஏழாவது ரவுண்டு தொடங்குவதற்கு முன் மணிக்காகக் காத்திருக்கும்போது ரிங் நடுவில் தண்டால் எடுத்தாரே, அந்த ஒரு காட்சிக்காகவே அவன் அந்தக் கட்சியில் சேர்ந்திருப்பான்.

ஆனால் தாளில் பாருங்கள். மூன்று நடுவர் போட்ட பாயின்ட் 115-113, 116-112, 115-114. நெருக்கமான சண்டை. அதற்கு ஐந்து மாதம் முன்பு கியூபெக் சிட்டியில் இதே பாஸ்கல் இவரை இரண்டு முறை தரையில் உட்கார வைத்திருந்தார், அது டிராவில் முடிந்தது. அப்புறம், வயசுதான் அளவுகோல் என்றால் பாஸ்கலோடு ஏன் நிற்க வேண்டும்? 48 வயதில் டவோரிஸ் கிளவுடை ஜெயித்துத் தன் ரெக்கார்டைத் தானே உடைத்தார். 49 வயதில் ஷுமெனோவிடமிருந்து இன்னொரு பெல்ட். அப்படியானால் ஷுமெனோவ்தான் மிகப் பெரிய வெற்றி என்று ஆகிறது. அதை அவனே ஒப்புக்கொள்ள மாட்டான். ரெக்கார்டு என்பது அவர் முப்பது வருடம் வாயைக் கட்டி வாழ்ந்ததற்குக் கிடைத்த கூலி. அந்த ஒரு ராத்திரியின் சண்டைக்குக் கிடைத்ததல்ல.

டி லா ஹோயாவை 2004-இல் ஒன்பதாவது ரவுண்டில் ஈரலில் ஒரே இடக்கை அடியில் படுக்க வைத்ததைச் சொல்லுகிறவர்களும் உண்டு. பணம் பெரிது, பெயர் பெரிது. எதிராளி சின்ன உடம்பு. மேலே போவோம்.

மாஸ்டர் விஷயம் வேறு. அவர் சொல்வதில் சரக்கு இருக்கிறது. அவர் சொல்லிக் கொடுத்த பையன்கள் மாநிலம் வரை போயிருக்கிறார்கள், வாய்ச்சவடால் கிடையாது. "தம்பி, ஜெயிக்கிறது யாரு வேணா ஜெயிப்பான். செத்துட்டான்னு மாலை போட்ட அப்புறம் எழுந்து வந்து ஜெயிச்சான் பாரு, அதைச் சொல்லு" என்பார்.

2008 அக்டோபர் 18. ஹாப்கின்ஸுக்கு 43 வயது. ஆறு மாதம் முன்புதான் கால்ஸாகியிடம் தோற்றிருந்தார். எதிரே கெல்லி பாவ்லிக், ஒஹையோ மாநிலம் யங்ஸ்டவுன்காரர், 26 வயது, 34 சண்டை, 34-ம் வெற்றி. ஹாப்கின்ஸை இரண்டு முறை தோற்கடித்த ஜெர்மெய்ன் டெய்லரை இந்தப் பையன் இரண்டு முறை தோற்கடித்திருந்தார். முதல் முறை தானே இரண்டாவது ரவுண்டில் கீழே விழுந்து, எழுந்து, ஏழாவதில் டெய்லரை முடித்தார். கணக்குப்படி பார்த்தால் கிழவருக்கு வாய்ப்பே இல்லை. இந்தச் சண்டையும் அட்லாண்டிக் சிட்டியில்தான். முதல் சண்டையில் தோற்ற அதே ஊருக்கு, இருபது வருடமும் ஒரு வாரமும் கழித்து.

நடந்தது என்ன? பாவ்லிக்கின் சொத்தே வலக்கைதான். நீளமான ஜாப் (முன்னால் இருக்கும் கையின் நேர்க்குத்து) போட்டு ஆளை நிறுத்தி வைத்து, பின்னாடியே அந்த வலக்கையை இறக்குவார். ஹாப்கின்ஸ் நிற்கவே இல்லை. அந்த வலக்கைக்கு எட்டாத பக்கமாகவே நகர்ந்தார். பாவ்லிக் காலைத் திருப்பி நேராக வந்து நிற்பதற்குள் இவர் இரண்டு அடி கொடுத்துவிட்டு வேறு மூலையில் இருப்பார். எட்டாவது ரவுண்டுக்கு மேல் அந்தப் பையன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். விழவில்லை, ஆனால் கையை எங்கே வீசுவது என்றே தெரியவில்லை. நடுவர்கள் 117-109, 118-108, 119-106 என்று போட்டார்கள். கடைசி மணி அடித்ததும் ஹாப்கின்ஸ் கொண்டாடவில்லை. பத்திரிகைக்காரர்கள் வரிசைப் பக்கம் திரும்பி, கயிற்றோரம் நின்று முறைத்துப் பார்த்தார். "கிழவன் கதை முடிந்தது" என்று எழுதினவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் போய்ப் பாவ்லிக்கைக் கட்டிப் பிடித்து, நொந்துபோன பையனுக்குத் தைரியம் சொன்னார்.

இதைவிட அழகான பாக்ஸிங்கை அவர் வாழ்க்கையில் காட்ட முடியாது என்று மாஸ்டர் சொன்னால் நான் தலையாட்டுவேன். அழகு என்றால் பாவ்லிக்தான். ஆனால் கேள்வி அழகைப் பற்றியதல்ல. பாவ்லிக் 160 பவுண்டு சாம்பியன். இந்தச் சண்டை 170-இல், பட்டம் இல்லாத சண்டை. அவர் பத்து பவுண்டு ஏறி வந்தார். ஹாப்கின்ஸோ இரண்டு வருடமாக அந்தப் பக்கத்து எடையில்தான் குடியிருந்தார். தோற்றாலும் பாவ்லிக்கின் பெல்ட் பத்திரம். ஹாப்கின்ஸுக்குப் போவதற்கு மானத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இங்கேதான் மாஸ்டர் மடக்குவார். "அப்ப டிரினிடாட் மட்டும் என்ன? 147 பவுண்டுக்காரன் தானே?"

நியாயமான கேள்வி. ஃபீலிக்ஸ் டிரினிடாட் வெல்டர்வெயிட்டில் வளர்ந்தவர்தான். ஆனால் ஒரேயடியாகத் தாவி வரவில்லை. 154-இல் வர்காஸைப் பன்னிரண்டாவது ரவுண்டில் நிறுத்திவிட்டு, 160-க்கு வந்து, 2001 மே மாதம் வில்லியம் ஜோப்பியோடு மோதினார். ஜோப்பி அசல் மிடில்வெயிட், பெல்ட் வைத்திருந்தவர். முதல் ரவுண்டிலேயே விழுந்தார், நாலில் விழுந்தார், ஐந்தோடு முடிந்தது. அந்த எடையில் டிரினிடாடின் அடிக்குப் பலம் குறைந்துவிட்டது என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. 40 சண்டை, தோல்வியே இல்லை. வயது 28. டி லா ஹோயாவை ஜெயித்தவர். அதனால்தான் ஆறு வருடமாகப் பட்டம் வைத்திருந்த ஹாப்கின்ஸைவிட, நேற்று வந்த டிரினிடாட் மேல்தான் பந்தயப் பணம் குவிந்தது. ஹாப்கின்ஸ் தன் மேலேயே ஒரு லட்சம் டாலர் கட்டினார்.

டான் கிங் இந்தச் சண்டையை டிரினிடாடுக்கு முடிசூட்டு விழாவாகத்தான் ஏற்பாடு செய்தார் என்பது என் அபிப்பிராயம். இடம் மேடிசன் ஸ்கொயர் கார்டன், நியூயார்க்கில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்குச் சொந்த வீடு மாதிரி. ஹாப்கின்ஸ் சும்மா இருப்பாரா? விளம்பரச் சுற்றில் போர்ட்டோ ரிக்கோக் கொடியைப் பிடுங்கித் தரையில் வீசினார். நியூயார்க்கில் செய்தது போதாதென்று சான் ஹுவானுக்கே போய், டிரினிடாடின் ஜனங்களுக்கு நடுவிலேயே செய்தார். அரங்கத்தை விட்டு ஓடித்தான் உயிர் பிழைக்க வேண்டியிருந்தது. கொடியை வீசியது எனக்குப் பிடிக்காத காரியம், இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் எதிராளியின் கோபத்தைத் தனக்குக் கூலியில்லாத வேலையாளாக ஆக்கிக்கொள்ளத் தெரிந்த ஆள் அவர்.

சண்டை செப்டம்பர் 15 என்று குறித்திருந்தது. 11-ஆம் தேதி இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. தேதி 29-க்குத் தள்ளிப் போனது. அதே மன்ஹாட்டனில், பதினெட்டே நாள் கழித்து. பயிற்சியை உச்சத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கும் இரண்டு உடம்புகளுக்கு இரண்டு வாரம் தள்ளிப்போவது சின்ன விஷயம் இல்லை. பட்டினி கிடந்து எடை காட்டுகிற பையன்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வருடம் முழுக்கச் சண்டை எடைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹாப்கின்ஸுக்கு அது உறைக்கவே இல்லை.

அன்றைக்கு டிரஸ்ஸிங் ரூமிலேயே ஒரு சண்டை நடந்தது. டிரினிடாடுக்குக் கையில் துணியும் டேப்பும் சுற்றும் முறையில் கோளாறு இருக்கிறது என்று ஹாப்கின்ஸ் பக்கத்து நசீம் ரிச்சர்ட்சன் ஆட்சேபித்தார். தகராறாகி, கடைசியில் கட்டு மாற்றப்பட்டது. (இதே ரிச்சர்ட்சன்தான் 2009-இல் மோஸ்லி என்ற பாக்ஸருக்காகப் போய், எதிராளி மார்கரிட்டோவின் கட்டுக்குள் இருந்த கெட்டிப் பொருளைக் கண்டுபிடித்தவர். அது தனிப் பதிவுக்கு உரிய கதை.)

இனி தாளுக்கு வருகிறேன். டிரினிடாடின் ஆயுதம் இடக்கை ஹூக், பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து. அது விழ ஒரு நிபந்தனை இருக்கிறது. எதிராளி முன்னே கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும், டிரினிடாடின் இரண்டு பாதமும் ஊன்றியிருக்க வேண்டும். ஹாப்கின்ஸ் அந்த ஊன்றலைத்தான் எடுத்துவிட்டார். ஜாப் போட்டுவிட்டு நகர்வார். டிரினிடாட் காலை மாற்றி வைப்பார். மறுபடி ஜாப், மறுபடி நகர்வு. கிட்டே வந்தால் கிளின்ச், அதாவது கையோடு கட்டிப் பிடிப்பது, பிரியும்போது ஒரு வலக்கை. முதல் நான்கு ரவுண்டில் பெரிதாக எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். பாதங்களை மட்டும் பாருங்கள், அங்கேதான் சண்டை நடக்கிறது. ஆறாவதுக்கு மேல் ஹாப்கின்ஸ் நகர்வதைக் குறைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பிக்கிறார். பத்தாவது முடியும் நேரத்தில் டிரினிடாட் ஆடிப்போகிறார், மணிதான் காப்பாற்றுகிறது. பன்னிரண்டாவதில் ஒரு வலக்கை. டிரினிடாட் மல்லாந்து விழுகிறார். எழுந்திருக்கப் பார்க்கிறார். அப்பா டிரினிடாட், பயிற்சியாளரும் அவர்தான், கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறார். ரெஃபரி ஸ்டீவ் ஸ்மோகர் நிறுத்துகிறார். மூன்று நடுவர் தாளிலும் அதற்கு முன்பே ஹாப்கின்ஸ் நன்றாக முன்னால் இருந்தார். அடிக்காமலே ஜெயித்திருக்கலாம். இருந்தும் முடித்துவிட்டுத்தான் வந்தார்.

1987-இல் ஹேக்லர் பட்டத்தை இழந்ததற்கு அப்புறம் மிடில்வெயிட்டில் எல்லா பெல்ட்டும் வைத்திருக்கும் ஒரே சாம்பியன் என்று யாரும் இருந்ததில்லை. அந்தப் பெருமை அன்றைக்கு ஹாப்கின்ஸுக்கு வந்தது. 14-ஆவது முறையாகப் பட்டத்தைக் காத்து, பழைய மிடில்வெயிட் சாம்பியன் கார்லோஸ் மொன்சோனின் கணக்கையும் தொட்டார். அதெல்லாம் அக்கா மகனுக்காகச் சொல்கிறேன், ரெக்கார்டு கேட்கிறான் இல்லையா.

என் வாதத்தின் முடிச்சு வேறு. பாவ்லிக், பாஸ்கல் இரண்டிலும் ஹாப்கின்ஸின் வயது நமக்குள்ளே பாயின்ட் போடுகிறது. 43 வயசுக்காரர், 46 வயசுக்காரர் என்று ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறோம். டிரினிடாட் சண்டையில் 36 வயது, அந்தச் சலுகைக்கு இடமில்லை. பிறந்த தேதியை மறைத்துவிட்டு எந்த நாட்டுக்காரரிடம் காட்டினாலும், அசல் உச்சத்தில் இருந்த ஒருவரை இன்னொருவர் முழுசாகக் கழற்றிப் போட்டார் என்றுதான் சொல்வார்.

2006-இல் டார்வரை ஜெயித்ததை எங்கள் வாதத்தில் யாருமே எடுத்துப் பேசுவதில்லை, அது எனக்கு வருத்தம்தான். 41 வயதில் 168 பவுண்டுப் பிரிவைத் தொடாமலே நேராக 175-க்குப் போய், ராய் ஜோன்ஸை நாக்அவுட் செய்த டார்வரை 118-109 என்று மூன்று நடுவரும் ஒரே குரலில் எழுதும்படி ஜெயித்தார். இரண்டாவது இடம் கேட்டால் பாவ்லிக்கோடு இதையும் வைப்பேன்.

போன வாரம் அக்கா மகனை உட்கார வைத்து, சத்தத்தை நிறுத்தி, தாளைக் கொடுத்து டிரினிடாட் சண்டையைப் போட்டேன். பன்னிரண்டு ரவுண்டும் பார்த்தான். கட்சி மாறவில்லை. ஆனால் இரண்டாவது ரவுண்டை டிரினிடாடுக்குக் கொடுத்திருக்கிறான். நான் ஹாப்கின்ஸுக்குக் கொடுத்திருக்கிறேன். "அந்த ஹூக் கிளவுஸ்லதான்டா பட்டுச்சு" என்கிறேன், "தோள்ல பட்டுச்சு மாமா" என்கிறான். தோளில் பட்டாலும் பாயின்ட் கிடையாதுடா என்றால் மாஸ்டரிடம் கேட்கிறேன் என்கிறான். மாஸ்டர் இன்னும் குரல் பதிவு அனுப்பவில்லை.