அப்டேட் போட்டாச்சு, ஆனால் ஓடுவது எது?

அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் "அப்டேட் போட்டாச்சா?" என்றால், "போட்டாச்சு அண்ணா" என்பார்கள். "சரி, சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணியாச்சா?" என்பது என் அடுத்த கேள்வி. பாதிப் பேர் முழிப்பார்கள். சர்வீஸ் என்பது சர்வரில் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராம். இதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை என்பது என் வருத்தம்.

டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் பேக்கேஜை, அதாவது மென்பொருள் பொதியை, நிறுவுவது டிபிகேஜி என்ற கருவி. ஒரு லைப்ரரியை, அதாவது பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்பை, புதுப்பிக்கும்போது அது பழைய கோப்பின் மேலேயே எழுதாது. புதியதை அதே ஃபோல்டரில், பெயரின் கடைசியில் 'டிபிகேஜி-நியூ' என்று ஒட்டி வைக்கும். அப்புறம் பழைய பெயரை அதற்குச் சூட்டிவிடும். கோப்பின் பெயர் வெறும் கதவிலக்கம் போலத்தான். இலக்கம் புது வீட்டுக்கு மாறினாலும், பழைய வீட்டுக்குள் இருப்பவர் இருந்துகொண்டே இருப்பார். ஏற்கெனவே ஓடும் அப்பாச்சி என்ற வெப் சர்வர் புரோகிராம் பழைய கோப்பைத் திறந்தே வைத்திருக்கும். அது விடும்வரை வட்டிலிருந்தும் அழியாது. வேலை நேரத்தில் யாரையும் தொந்தரவு செய்யாமல் அப்டேட் போட முடிவது இதனால்தான். அருமையான ஏற்பாடு. ஆனால் ரீஸ்டார்ட் செய்யாதவரை அந்த அப்பாச்சிக்குப் புதிய லைப்ரரி வந்ததே தெரியாது.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது இதன் ஆபத்து நன்றாகவே தெரிந்தது. இணையத் தொடர்பை ரகசியமாக வைக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் இருந்த அந்த ஓட்டை வழியாக, சர்வரின் மெமரியிலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை வெளியிலிருந்து யாரும் உருவிவிடலாம். அதில் சர்வரின் ரகசியச் சாவியே சிக்கலாம். டெபியன் உடனே திருத்தம் கொடுத்தது. பதிப்பு எண் 1.0.1இ என்றே இருந்தது, திருத்தத்தை மட்டும் அதில் சேர்த்திருந்தார்கள். அதோடு விடாமல் அடுத்த திருத்தத்தையும் அனுப்பினார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்தும் சர்வீஸ்களைத் தேடி, "இவற்றை ரீஸ்டார்ட் செய்யட்டுமா?" என்று கேட்பதுதான் அதன் வேலை. லைப்ரரியை மாற்றியதோடு கடமை முடியவில்லை என்று நினைத்தவர்கள்மேல் எனக்கு அன்றிலிருந்து பெரிய மரியாதை.

இப்போது 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி இருக்கிறது. அழிக்கப்பட்ட கோப்பை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் புரோகிராம்களைப் பட்டியல் போட்டுக் காட்டும். உபுண்டு 22.04 சர்வரில் அப்டேட் முடிந்ததும் ஊதாத் திரை ஒன்று குறுக்கே வந்து நிற்குமே, அதுதான். எரிச்சலோடு கேன்சல் அழுத்திவிட்டுப் போகாதீர்கள், தயவுசெய்து படியுங்கள்.

அப்டேட் ஆனது கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, என்றால் சர்வீஸ் ரீஸ்டார்ட் போதாது, சர்வரையே ரீபூட் செய்ய வேண்டும். 'அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸ்' என்ற கருவி தானாக அப்டேட் போடுமே தவிர, நாம் சொல்லாமல் ரீபூட் செய்யாது. அதன் கான்ஃபிக் கோப்பில் 'ஆட்டோமேட்டிக்-ரீபூட்' என்ற வரியை 'ட்ரூ' ஆக்க வேண்டும், நேரத்தையும் குறிப்பிடலாம். எங்கள் சர்வர்களுக்கு விடியற்காலை 3 மணி கொடுத்திருக்கிறேன். டேட்டாபேஸ் சர்வரை மட்டும் ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து செய்கிறேன்.