துணை என்ற சொல்

மட்டக்களப்பு நகரில், உளவியலும், கவுன்சலிங் எனப்படும் உளவளத்துணையும் கற்பிக்கும் தனியார் கல்லூரியொன்றில் எட்டு ஆண்டுகளாக விரிவுரையாளராக இருக்கிறேன். வார இறுதி வகுப்புகளுக்குக் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் பஸ் ஏறி வருவோரில் பெரும்பாலானோர் முன்பள்ளி ஆசிரியைகள், தாதியர், சமூக சேவை உத்தியோகத்தர்கள். பிறருக்கு உதவ வேண்டும் என்ற விருப்பமே அவர்களை இங்கு கொண்டுவருகிறது. முதல் சில மாதங்களில் அவர்களுடைய பயிற்சிக்குத் தடையாக நிற்பதும் அதே விருப்பந்தான்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957 இல் எழுதிய கட்டுரையில் வலியுறுத்திய ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உண்மைத்தன்மை ஆகியவற்றைப் பரீட்சைத் தாளில் அழகாக விளக்குகிறவர்கள், செய்முறைப் பயிற்சியில் ஒருவருக்கு எதிரே அமர்ந்ததும் இரண்டு நிமிடத்துக்குள் “கவலைப்படாதீங்க, எல்லாம் சரிவரும்” என்று தொடங்கிவிடுகிறார்கள். நம் சூழலில் மூத்தோரும் ஆசிரியரும் அறிவுரை சொல்லியே பழகியவர்கள் என்பதால் இதில் வியப்பில்லை. ஆயினும் இத்துறைக்கு இலங்கைத் தமிழில் ‘உளவளத்துணை’ என்ற பெயர் நிலைத்திருப்பதை நான் பெரிய பேறாகக் கருதுகிறேன். ஆலோசனை என்பது சொல்வது, துணை என்பது கூட இருப்பது. இந்த வேறுபாட்டைப் பேசுவதற்கே முதல் நாள் வகுப்பு முழுவதையும் இப்போது ஒதுக்குகிறேன்.

துணைக்கும் எல்லையுண்டு. தொழிற்பயிற்சித் தகுதிகளைத் தரப்படுத்தும் தேசிய தொழிற்றகைமைச் சட்டகத்தில் (NVQ) ஏழு மட்டங்கள் இருப்பதையும், ஓராண்டு டிப்ளோமா எவரையும் சிகிச்சை உளவியலாளராக ஆக்காது என்பதையும் கட்டணம் செலுத்துமுன்பே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறோம். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு மாணவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

சென்ற ஆண்டுப் பயிற்சியொன்றில், துணை நாடி வந்தவராக அமர்ந்த மூத்த முன்பள்ளி ஆசிரியை, கற்பனைக் கதையை விட்டுவிட்டுத் தம்முடைய சொந்தக் கதையைப் பேசத் தொடங்கினார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனவர்களைப் பற்றியது அது. அவர் சொன்னவை அந்த அறைக்குரியவை, இந்த ஒரு வரியை மட்டும் அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன்: “இன்னும் யோசினையாத்தான் கிடக்கு மகன்.”

இங்கு யோசினை என்றால் வெறும் சிந்தனை அன்று. பாடநூல் கூறும் பதகளிப்பிலும் (anxiety) மனச்சோர்விலும் அது முழுமையாக அடங்குவதில்லை. முன்னைய ஆண்டுகளில் இத்தகைய சொல்லைக் கேட்டவுடன் அதற்குரிய கலைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி மாணவரைத் திருத்தியிருக்கிறேன். அது என் தவறு.

எதிரே இருந்த கல்முனை இளைஞர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அந்த யோசினை எந்த நேரம் கூட வரும், அம்மா?” என்று மட்டும் கேட்டார்.

“வாடையில கடல் இரையக்குள்ள.”

பயிற்சியை அத்துடன் நிறுத்தி மற்றவர்களை வெளியே அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை, போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்வது பற்றி அந்த ஆசிரியையே என்னிடம் கேட்டார். கிளினிக்குக்குத் துணையாக அவருடைய மகள் போனார்.