முழங்கால் நாட்கள்

பிப்ரவரி 2, திங்கள்
வலைப்பந்து ஆட்டத்தில் விழுந்த பெரிய மகளின் முட்டி வீக்கம் குறையவில்லை. ஃப்ரோசன் பட்டாணிப் பொட்டலத்தைத் துண்டில் சுற்றி முட்டிமேல் வைக்கிறோம், ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம். மாலைக்குள் பட்டாணி கூழாகிவிட்டது. குருமா வைத்துவிடலாம் என்றாள் மனைவி. யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவள்தான் சிரித்தாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்
மருத்துவர் கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். வலது கால், இடது கால், மறுபடி வலது கால். மூன்றாவது முறை நான் காலைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார்.

விழும்போது ஏதாவது சத்தம் கேட்டதா என்று விசாரித்தார். இல்லை என்றாள் பெரியவள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

பிப்ரவரி 4, புதன்
வேனின் பக்கக் கதவைச் சாத்தும்போது அதே சத்தம். டக்.

பிப்ரவரி 5, வியாழன்
இரவு 2 மணி வரை படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

ஏசிஎல். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் இழுத்துப் பிடித்திருக்கும் நார். யாரும் வந்து இடிக்கவே வேண்டாமாம். ஓடிவந்து சட்டென்று நின்றாலே அறுந்துவிடும். அதே விளையாட்டை ஆடும் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம். வலைப்பந்தோ நிற்பதற்கென்றே செய்துவைத்த விளையாட்டு. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்தால் 3 விநாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஊன்றிய காலைத் தூக்கினால், பந்து கையைவிட்டுப் போகும்வரை அதை மறுபடி தரையில் வைக்கக் கூடாது. அதாவது முழு வேகத்தில் வந்து, எம்பிப் பிடித்து, ஒற்றைக்காலில் இறங்கி, ஆணி அடித்தமாதிரி அங்கேயே நிற்க வேண்டும். ஆறு வருடமாக இதைப் பார்த்துத்தான் கைதட்டிக்கொண்டிருந்தேன். "நில்லு, நில்லு" என்று கத்தியும் இருக்கிறேன்.

அப்புறம் அந்தப் பத்தி. ஆட்டத்துக்கு முன்னால் கால் மணி நேரம் ஒழுங்காக வார்ம்அப் செய்து, குதித்து இறங்கிப் பழகி, தொடையின் பின்பக்கத்தைத் தயார் செய்துகொள்கிறவர்களுக்கு இந்தக் காயம் வருவது குறைவு என்று. அதோடு போனை அணைத்துவிட்டேன்.

12 நிமிடம்.

பிப்ரவரி 7, சனி
எல்லோருக்கும் வழக்கம்போல 6 மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. சனிக்கிழமை என்றால் பிடோக் நீர்த்தேக்கம், 4.3 கிலோமீட்டர், ஒரு சுற்று. பிள்ளைகள் முன்னால், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, மனைவியும் அம்மாவும் நடை. பிறகு பரோட்டா. பிறகு காலாங்கில் பெரியவளின் ஆட்டம். மாலையில் டிவியில் எந்த ஊர் விளையாட்டு வந்தாலும் சரி, ஐந்து பேரும் ஏதாவது ஒரு கட்சியைப் பிடித்துக்கொண்டு சண்டை. இன்றைக்கு ஐந்து பேரும் கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தோம். விளையாட்டைத் தவிர நாங்கள் வேறெதையும் சேர்ந்து பேசியதே இல்லை போலிருக்கிறது.

பரோட்டா மட்டும் வாங்கிவந்தேன். ஓடாமல் சாப்பிட்டால் அது வெறும் மாவு.

பிப்ரவரி 8, ஞாயிறு
சின்னவள் தன் அலமாரிக் கதவில் மார்க்கரால் 23.03 என்று எழுதி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மா இன்றைக்குத்தான் கவனித்து, "என்னது, யாருக்காவது 23 வெள்ளி கடனா?" என்றார். 2023இல் ஹாங்சோவில் சாந்தி பெரேரா 200 மீட்டர் தங்கம் வாங்கிய நேரம் என்றாள் சின்னவள். ஆசிய விளையாட்டில் திடல்தடத்தில் சிங்கப்பூருக்கு 1974க்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

"நான் 200 மீட்டர் நேரிலேயே பார்த்திருக்கேன்" என்றார் அம்மா. எங்களுக்கு இது புதுச் செய்தி. 1973, காலாங்கில் அப்போதுதான் கட்டி முடித்த தேசிய அரங்கம். அம்மாவுக்கு 17 வயது. மாமாதான் அழைத்துப் போயிருக்கிறார். யார் ஓடினார்கள் பாட்டி என்று பெரியவள் கேட்டதற்கு, கூம்பு கூம்பாகக் காகிதத்தில் கடலை சுருட்டிக் கொடுத்த கச்சாங் பூத்தேக்காரரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். படுக்கப் போகும்போது வாசலில் நின்று, "குளோரி. குளோரி பர்னபாஸ். தங்கம் அவளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 10, செவ்வாய்
சின்னவள் 5 மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். மின்னல் எச்சரிக்கையாம், பயிற்சி ரத்தாம். கீழே புளோக் முழுக்க வெயில். பக்கத்து வீட்டுப் பையன் அதே திடலிலிருந்து 7 மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தான். நான் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்
எம்ஆர்ஐ. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்தாள். வெளியே வந்ததும், "ஆட்டத்துல ரெண்டு குவார்ட்டர் நேரம்ப்பா. ஆனா நம்ம பக்கம் ஒரு கோல்கூட இல்லை."

பிப்ரவரி 13, வெள்ளி
சின்னவளுக்கு இன்றைக்கு வயிற்றுவலியாம்.

பிப்ரவரி 17, செவ்வாய்
சீனப் புத்தாண்டு. மேல்வீட்டு ஆன்ட்டி இரண்டு ஆரஞ்சு கொடுத்துவிட்டு, பெரியவளின் காலைப் பார்த்ததும் திரும்பப் போய் இன்னும் இரண்டு எடுத்துவந்தார். முடிவு வர வெள்ளிக்கிழமை ஆகும்.

பிப்ரவரி 20, வெள்ளி
முழுதாக அறுந்திருக்கிறது. முட்டிக்குள் மெத்தைமாதிரி இருக்கும் மெனிஸ்கஸிலும் ஒரு கீறல். தொடைக்குப் பின்னாலிருந்து நார் எடுத்து முட்டிக்குள் புதிதாகக் கட்டுவார்களாம். மறுபடி ஆட்டம் என்றால் குறைந்தது 9 மாதம்.

விரல்விட்டு எண்ணினாள். உயர்நிலை 4. இந்தப் பள்ளிச் சீருடையில் இதுதான் கடைசிப் பருவம், அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மருத்துவரிடம், "ஓ நிலைத் தேர்வுக்கு முட்டி தேவைப்படாதுல்ல?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். வேனில் ஏறியதும் அழுதாள். பான் தீவு விரைவுச்சாலை முழுக்க அழுதாள். நான் வலப்பக்கக் கண்ணாடியையே பார்த்து ஓட்டினேன்.

இரவு மனைவி கேட்டாள்: "சின்னவளை ஓட்டத் திறமையை வைச்சுப் பள்ளியில நேரடிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கணும்னீங்களே, இன்னமும் அதேதானா?" பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு
அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடையை வலுவாக்க வேண்டுமாம். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி 10 எண்ண வேண்டும். எண்ணுவது என் வேலை. நாலாவது தடவை அழுத்தும்போது சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கீழே கோப்பிக் கடையில் நின்றது. எனக்கு முன்னால் ஒருவர் ஒரு மேசைக்கே ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டு வந்திருக்கலாம். பாலும் சீனியும் இல்லாத ஒரு கோப்பி ஓ கொசோங், தபாவ், கையோடு எடுத்துப் போக, அதற்காக நின்றேன். அதனால் 12 நிமிடம் தாமதம், அவள் வேனிலேயே லேஸ் கட்டியது, இறங்கியதும் வார்ம்அப் இல்லாமல் நேராக உள்ளே போனது. மூன்று வாரமாக நெஞ்சில் வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன்.

"தெரியும்ப்பா. வேன் முழுக்கக் கோப்பி வாசம்" என்றாள். அப்புறம், "எண்ணாம விட்டுட்டீங்க, மறுபடி முதல்லேர்ந்து."

பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன், சொல்லவில்லை. பத்துவரை எண்ணினேன்.

பிப்ரவரி 25, புதன்
மார்ச் 11க்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அடுத்த தைப்பூசத்துக்குப் பால்குடம் என்று அம்மா வேண்டிக்கொண்டுவிட்டார். பேத்தி எடுப்பாளாம். பேத்தியிடம் கேட்டாரா என்றால் இல்லை.

பிப்ரவரி 28, சனி
பிடோக் நீர்த்தேக்கம், பெஞ்சில் உட்கார்ந்து போனில் எழுதுகிறேன். போகலாம் என்று கிளப்பியது பெரியவள். ஒற்றை ஊன்றுகோலோடு வந்து, தங்கையைக் கூப்பிட்டு நிறுத்தி, 15 நிமிடம் குதிக்கவைத்து, முட்டி உள்பக்கம் மடிகிறதா என்று குனிந்து பார்த்து, திட்டி, அப்புறம்தான் ஓடவிட்டாள். மின்னல் வருமா என்று கேட்டாள் சின்னவள். வராது என்றாள் பெரியவள், வானத்தைப் பார்க்காமலேயே.

ஸ்டாப்வாட்ச் பெரியவள் கையில். 21 நிமிடம் தாண்டிவிட்டது. மரங்களுக்கு நடுவில் மஞ்சள் சட்டை ஒன்று தெரிகிறது. இவள் இல்லை, யாரோ ஒரு ஆன்ட்டி.