டிராக் குறியீட்டை முதல் வாரத்திலேயே

எம்.எஸ்ஸி. மாணவர்களுக்குக் குவாண்டம் இயக்கவியல் எடுக்கும்போதெல்லாம் பாடத்திட்ட வரிசையைத் தள்ளி வைத்துவிட்டு முதல் வாரத்திலேயே குவாண்டம் நிலைகளை எழுத இயற்பியலாளர் டிராக் உருவாக்கிய குறியீட்டுக்குப் போய்விடுவேன். பல பாடநூல்கள் அதை நடுவில் கொண்டுபோய் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இளங்கலையில் இவர்கள் பழகியது அலைச்சார்பு: பெட்டிக்குள் துகள், ஹைட்ரஜன் அணு, பக்கம் பக்கமாகத் தொகையீடு. அதனால் நிலை என்றாலே இடத்தில் பரவிய வளைகோடு என்று மனதில் பதிந்துவிடுகிறது. துகளின் உள்ளார்ந்த கோண உந்தமான ஸ்பின் வந்ததும் தவித்துப்போகிறார்கள். அதை வரைய இட அச்சே இல்லை.

டிராக் 1939-இல் வெளியிட்ட குறியீட்டில் ஒரு கோடு, ஒரு கூர் அடைப்பு, நடுவே நிலையின் பெயர். அதுதான் கெட். பெயர் எதுவாகவும் இருக்கலாம். நான் பலகையில் |மேல்⟩, |கீழ்⟩ என்று தமிழிலேயே எழுதுவேன். அச்சைத் தேர்ந்தெடுப்பது நாம். நிலை அதற்காகக் காத்திருப்பதில்லை. அலைச்சார்பும் அந்த நிலையை இட அச்சில் பார்த்தால் கிடைக்கும் கூறுதான்: ⟨இடம்|நிலை⟩. இதில் முதல் பாதியான ⟨இடம்| என்பதற்குப் பெயர் ப்ரா. இது பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

அடுத்து இயற்பியலாளர்கள் ஸ்டெர்ன், கெர்லாக் இருவரும் 1922-இல் பிராங்க்பர்ட்டில் செய்த சோதனை. சீரற்ற காந்தப்புலத்தில் வெள்ளி அணுக்கற்றை ஸ்பின்னுக்கு ஏற்ப மேல், கீழ் என இரண்டாகப் பிரிந்தது. இங்கே இரண்டு நிலைகளை எழுதுவேன்:

(|மேல்⟩ + |கீழ்⟩)/√2
(|மேல்⟩ − |கீழ்⟩)/√2

மேல்-கீழாக அளந்தால் இரண்டுமே பாதிக்குப் பாதி. "அப்ப ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்று கேட்காத வகுப்பு இல்லை. காந்தத்தைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்வேன். முதல் நிலையை |வலம்⟩ என்று வைத்தால், அதோடு உள்பெருக்கல் (இரு நிலைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) முதலாவதற்கு ½ + ½, மற்றதற்கு ½ − ½. முதலாவது எப்போதும் வலப்பக்கம் போகும், இரண்டாவது ஒருபோதும் போகாது. முந்தைய அளவீட்டில் தடமே தெரியாத கழித்தல் குறி இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இந்த ஒற்றை வரிக்காகவே இந்தக் குறியீட்டை நேசிக்கிறேன்.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "மேல் அணு பாதி, கீழ் அணு பாதி கலந்து அனுப்பினா?" அருமையான கேள்வி. அந்தக் கற்றை பக்கவாட்டிலும் பாதிக்குப் பாதியாகவே பிரியும். அதை ஒற்றைக் கெட்டால் எழுதவே முடியாது. கெட்டையும் ப்ராவையும் இடம் மாற்றி, ½|மேல்⟩⟨மேல்| + ½|கீழ்⟩⟨கீழ்| என்று, இப்படிப்பட்ட கலவையை விவரிக்கும் அடர்த்திச் செயலியாக எழுத வேண்டும். பாடத்திட்டத்தில் அது கடைசி அலகு. நான் மறுநாளே எடுத்தேன்.