உக்கடம் குளத்தங்கரையில் ஒரு மதகு

கோவை உக்கடம் பெரியகுளத்துக் கரையில் நான் காலை நடை போகத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 2016-இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் பட்டியலில் தேர்வான 20 நகரங்களில் கோவையும் ஒன்று. அதன் பிறகு இந்தக் கரைக்கு நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் விளக்குக் கம்பங்களும் உட்கார இருக்கைகளும் வந்து சேர்ந்தன. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடக்க வருகிறவர்களில் பலர் இதைக் குளத்தை ஒட்டிப் போட்ட ஒரு பாதை என்றே எண்ணிக்கொள்கிறார்கள். நம் காலுக்குக் கீழே இருப்பது ஏறத்தாழ 320 ஏக்கர் நீரைத் தாங்கி நிற்கும் மண் கரை என்பதும், நகரம் இந்த அளவுக்கு வளர்வதற்கு நெடுங்காலம் முன்பே நொய்யல் வெள்ளத்துக்காகப் போட்ட கரை என்பதும் அவர்கள் பேச்சில் வருவதில்லை.

நொய்யல் எப்போதும் தண்ணீர் ஓடும் ஆறு அல்ல. வெள்ளியங்கிரி மலைச் சரிவில் பிறந்து, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் இந்த ஆறு, மலையில் மழை பிடித்தால் சில நாட்கள் கரைபுரண்டு வரும். பிறகு மாதக்கணக்கில் மணலாகக் கிடக்கும். கோவையோ மழை மறைவுப் பகுதி. ஆகவே இங்கே வெள்ளத்தை முழுவதுமாக ஓடவிட்டாலும் நட்டம், ஊருக்குள் விட்டாலும் நட்டம் என்ற நிலையில், முன்னோர் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆற்றுக்குக் குறுக்கே உயரம் குறைந்த அணைக்கட்டுகளைக் கட்டி, வருகிற வெள்ளத்தில் ஒரு பகுதியை வாய்க்காலில் திருப்பி, மிச்சத்தை மேலே வழிந்து போகவிட்டார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரியும் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன்குளம் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வருகிறது. அதற்குக் கீழே கோவை அணைக்கட்டு பெரியகுளத்துக்கு நீர் தருகிறது. குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் அணைக்கட்டுகள் அந்தந்தப் பெயர் கொண்ட குளங்களுக்குத் தருகின்றன. ஒரு குளம் நிறைந்தால், மிகுதி நீர் வழிந்தோடக் கரையில் கட்டிய கலிங்கு வழியே அடுத்த குளத்துக்குப் போகும். பெரியகுளத்தில் வழிவது வாலாங்குளத்துக்குப் போய், அங்கும் மிஞ்சினால் மீண்டும் நொய்யலுக்கே திரும்பும்.

கட்டியவர்கள் இதை வெள்ளத் தடுப்பு என்று நினைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அவர்களுக்கு வேண்டியிருந்தது வயலுக்குத் தண்ணீர். ஆனால் பாசனம் ஒழுங்காக நடந்தவரை வெள்ளத் தடுப்பும் தானாக நடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்த குளத்தை மதகு திறந்து தை, மாசி வரை வயலுக்குப் பாய்ச்சினால் சித்திரைக்குள் குளம் வற்றிவிடும். வற்றிய குளத்தில் வண்டி இறக்கி, வயலுக்கு எருவாக வண்டல் மண் எடுப்பார்கள். பேரூர்ப் பக்கம் விவசாயம் பார்த்த எங்கள் அப்புச்சி, வண்டல் அடிக்காத வருடத்தைக் குறையாகவே சொல்வார். "குளம் தரை தெரிஞ்சாத்தான் கண்ணு அடுத்த தண்ணிக்கு எடம் இருக்கும்" என்று அவர் சொன்னபோது அதை எருவுக்கான பேச்சு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இன்று பெரியகுளத்தின் ஆயக்கட்டு, அதாவது அதன் நீர் பாய்ந்த வயல்கள், இருந்த இடத்தில் நகரம் நிற்கிறது. மதகு திறக்கக் காத்திருக்கும் வயல் இல்லை. நீர் பங்கிடும் நீர்க்கட்டிக்கும் வேலை இல்லை. மாறாக, நகரத்தின் சாக்கடை நீர் ஆண்டு முழுவதும் குளத்துக்குள் வருவதால் பங்குனி வெயிலிலும் தண்ணீர் தளும்புகிறது. நடக்க வருகிறவர்களுக்கு அது அழகு, கூழைக்கடாக்களுக்கும் நாமக்கோழிகளுக்கும் வசதி, ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம். ஆனால் ஏற்கெனவே நிறைந்த குளத்துக்கு வரும் வெள்ளம் வந்த வேகத்திலேயே கலிங்கு வழியே வெளியேறிவிடும். பவானிசாகர் அணையைப் பாருங்கள். அதன் முழு நீர்மட்டம் 105 அடி என்றாலும் அக்டோபர் முடியும்வரை 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை. பெருமழை வந்தால் வாங்கிக்கொள்ள அந்த இடத்தை விட்டுவைக்கிறார்கள். 2013 கோடையில் தன்னார்வலர்கள் இதே பெரியகுளத்தில் இறங்கித் தூர் எடுத்தபோது, குளத்துக்கு ஆழம் எவ்வளவு முக்கியமோ வெறுமையும் அவ்வளவு முக்கியம் என்பதை நான் யோசிக்கவில்லை. நடைபாதைக்கு நிறைந்த குளம் வேண்டும், வெள்ளத்துக்குக் குறைந்த குளம் வேண்டும். இந்த இரண்டில் எது முதலில் என்று கேட்டால், ஐப்பசிக்கு முன் சில அடிகளாவது நீரைக் குறைத்துவைக்க வேண்டும் என்றே நான் சொல்வேன். அதற்குத் தேவையான மதகுகள் இந்தக் கரையிலேயே இருக்கின்றன.

நான் வழக்கமாகத் திரும்பும் இடத்தில் அப்படி ஒரு மதகு உண்டு. ஷட்டரைத் தூக்கும் இரும்புத் திருகில் துருவேறி, மரைகளுக்கு இடையே தூசியும் சிலந்தி வலையும் அடைந்திருக்கும். நடக்க வருகிற அம்மாக்கள் தண்ணீர் பாட்டில் பையை அதில்தான் மாட்டிவிட்டுக் கை வீசிப் பயிற்சி செய்வார்கள். போன ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த மறுநாள் விடியற்காலை போனேன். கலிங்கின் மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் நுரைத்து வழிந்துகொண்டிருந்தது. கீழே முழங்கால் தண்ணீரில் நின்ற மூன்று பையன்கள் வேட்டியை வலையாகப் பிடித்து ஜிலேபி மீனை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பரிசல்காரர் ஒருவர் கரையில் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதெல்லாம் வாலாங்குளத்துக்குப் போயிருமுங்க, அங்கயும் ரொம்பித்தான் கெடக்குது" என்றார். திரும்பும்போது வழக்கம்போல மதகுத் திருகில் கை வைத்தேன். யாரோ துருவைச் சுரண்டிப் புதிதாகக் கிரீஸ் தடவியிருந்தார்கள். அன்று பையை யாரும் அதில் மாட்டவில்லை.